ஒட்டுவதற்கு முன் கழற்றுங்கள்

கேள்வி: வணக்கம் தம்பி. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில், பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் எங்கள் வீடு இருக்கிறது. 1983இல் கட்டியது. 1995 யுத்த இடப்பெயர்வில் விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்தபோது கூரை இல்லை. பிறகு கையில் காசு வந்த நேரமெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தினோம். வெளிநாட்டிலிருக்கும் தம்பியும் உதவினான். இப்போது இருக்க வசதிதான், ஆனால் வீதியால் பார்த்தால் வடிவே இல்லை. வைகாசியில் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் கனடாவிலிருந்து வருகிறார்கள். முன்பக்கத்தைப் பெட்டி மாதிரி உயர்த்தி அலுமினியத் தகடு ஒட்டினால் கொழும்பு வீடு போல வரும் என்கிறார் ஒரு கொந்தராத்துக்காரர். என் வீட்டுக்காரரோ முன்சுவர் முழுக்க ரைல்ஸ் பதிப்போம் என்கிறார். சருகு கொட்டுகிறது என்று முற்றத்து வேம்பையும் தறிக்க நிற்கிறார். எங்களிடம் இருப்பது ஆறு இலட்சம். படங்கள் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம் ரீச்சர். படங்களைப் பெரிதாக்கி ஆறுதலாகப் பார்த்தேன். உங்கள் வீட்டுக்கு வடிவு இருக்கிறது. பக்கவாட்டில் நின்று எடுத்த மூன்றாவது படத்தில் அது நன்றாகத் தெரிகிறது. சரிவான ஓட்டுக்கூரை, நீள விறாந்தை, நடுவில் கதவு, இருபுறமும் ஒரே அளவில் யன்னல்கள். அந்தக் காலத்து மேசன்மார் கண்ணளவு தெரிந்தவர்கள். கூரை எவ்வளவு உயரம், விறாந்தை எவ்வளவு அகலம் என்பதெல்லாம் சரியாகத்தான் அமைந்திருக்கிறது.

பிறகு வந்து சேர்ந்தவைதான் பிரச்சினை. போட்டிக்கோவுக்கு முறுக்குத் தூண்கள். முன்சுவரின் ஒரு பாதிக்கு மட்டும் கல்மாதிரி ரைல்ஸ். விறாந்தையை அடைத்துக் கறுப்புக் கண்ணாடி. மோட்டார் சைக்கிளுக்காக இறக்கிய தகரத் தாழ்வாரம். போட்டிக்கோவின் தலையில் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி. இவ்வளவுக்கும் மேல் பச்சையும் செம்மஞ்சளும். வேட்டி கட்டி, கோட் போட்டு, அதற்கு மேல் மழைக்கோட்டும் மாட்டிவிட்ட மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது வீடு. அவர் மேல் இன்னொரு சால்வையைப் போர்த்தினால் வடிவு வராது. ஆகவே என் ஆலோசனையில் முக்கால்வாசி கழற்றும் வேலைதான். ஆறு இலட்சத்துக்குள் செய்யக்கூடியதும் அதுதான்.

முதலில் அந்தப் பெட்டி முகப்பை முடித்துவிடுவோம். ஓட்டுக்கூரைக்கு முன்னால் சுவரை உயர்த்தினால், கூரையால் வடியும் மழைநீர் முழுவதும் அந்தச் சுவருக்குப் பின்னால் வந்து நிற்கும். அதை வெளியேற்ற மறைவாக ஒரு பீலி வைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் வருடத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்த்துவிடும். அந்த நேரத்தில் வேப்பஞ்சருகு பீலியை அடைத்தால் தண்ணீருக்குப் போக்கிடம் உங்கள் விறாந்தைச் சீலிங்தான். கீழே நின்று பார்த்தால் அடைப்புத் தெரியவும் தெரியாது. அலுமினியத் தகடு என்று சொல்வதும் முழு அலுமினியம் இல்லை. இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக். மலிவான வகை என்றால் தீப்பிடித்தால் எரியும். கடைக்கு அது பொருந்தலாம். உங்கள் ஓட்டுக்கூரையை மறைத்து அதை ஒட்டுவதற்கு நான் சம்மதம் சொல்லமாட்டேன். வீட்டில் இப்போதைக்கு வடிவாக இருக்கும் ஒரே சாமான் அந்தக் கூரைதான்.

ஐயாவின் ரைல்ஸ் யோசனைக்கும் அதே பதில்தான், காரணம் வேறு. இரண்டாவது படத்தில் யன்னலுக்குக் கீழே, தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை பெயின்ற் கொப்பளித்து, வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. கையால் தடவினால் மாவாக உதிரும். அது உப்பு. நிலத்து ஈரம் சுவரில் ஏறும்போது மண்ணிலும் சாந்திலும் உள்ள உப்பைக் கரைத்துக் கொண்டு வரும். வெயில் பட்டதும் தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் சுவரின் மேற்பரப்பில் பளிங்காகிப் பெயின்ற்றைத் தள்ளிவிடும். நம்மூரில் கடற்கரைப் பக்கத்து மணலைச் சரியாகக் கழுவாமல் குழைத்த வீடுகள் ஏராளம், கிணற்றுத் தண்ணீரும் பல இடங்களில் சவர். அதனால் இந்த வருத்தம் இங்கே கொஞ்சம் அதிகம். இதன் மேல் ரைல்ஸ் பதித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். நாலைந்து மாரி போக ரைல்ஸ் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். ஏற்கெனவே பதித்த பாதியில் கதவோரம் இரண்டு ரைல்ஸ் விழுந்த இடத்தைப் பூச்சாடி வைத்து மறைத்திருக்கிறீர்கள், சரியா?

ஆகவே பெயின்ற் வாளியை வாங்குவதற்கு முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஒழுங்கைக்குத் தார்க் காபெற் போட்டபோது றோட்டு உயர்ந்துவிட்டது, உங்கள் முற்றம் பள்ளமாகிவிட்டது. முற்றத்துக்கும் சீமெந்து போட்டுச் சுவர்வரை முட்ட விட்டிருக்கிறீர்கள். மாரியில் ஒழுங்கைத் தண்ணீர் கேற்றுக்குக் கீழால் வந்து, வழுவழுப்பான சீமெந்தில் ஓடி, நேரே சுவரடியில் போய்த் தேங்குகிறது. சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு அந்தச் சீமெந்தை உடைத்து எடுக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தை ஓரடி ஆழத்துக்குக் கிண்டி, சல்லிக்கல் நிரப்புங்கள். கூரையால் விழும் தண்ணீர் சல்லியில் விழும்போது சுவரில் செம்மண்ணும் தெறிக்காது. கேற் வாசலில் குறுக்கே ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, மேலே இரும்புச் சட்டம் போட்டு, தண்ணீரை வளவின் பக்கத்தில் கிண்டிய குழிக்கு விடுங்கள். அயலவர் வேலிக்கு விட்டால் கலியாணத்துக்கு முதலே சண்டை வரும்.

மிச்ச முற்றத்துச் சீமெந்தையும் ஒருநாள் எடுத்துவிட்டால் நல்லது. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் இந்தச் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறும் மழைத்தண்ணீரைத்தான். வழுக்கியாற்றை விட்டால் ஆறென்று சொல்ல நமக்கு வேறொன்றும் இல்லை, அதுவும் மாரியில்தான் ஓடும். சரி, அதை இந்த முறை வற்புறுத்தவில்லை.

உப்புப் பூத்த இடத்துக்கு: உதிரும் பெயின்ற்றையும் பொருமிய பூச்சையும் சுரண்டி எடுக்க வேண்டும். உப்பைக் கழுவக் கூடாது, காய்ந்த தூரிகையால் தட்டித் துடைத்து அள்ள வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். கொஞ்ச நாள் காயவிட்டால் இன்னும் கொஞ்சம் பூக்கும், அதையும் துடைக்க வேண்டும். பூப்பது குறைந்த பிறகுதான் புதுப் பூச்சு. உங்களுடையது சீமெந்துக்கல் சுவர் என்பதால் இப்படிச் சொல்கிறேன். சுண்ணாம்புக்கல்லால் கட்டிய பழைய நாற்சார் வீட்டுக்காரர் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து சீமெந்து பூசவேண்டாம். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தும் சுண்ணாம்பு வெள்ளையும்தான்.

இனிக் கழற்றும் வேலை. விறாந்தைக் கண்ணாடியில் தொடங்குங்கள். உங்கள் வீடு தெற்குப் பார்த்தது. வைகாசியில் சோளகம் எழும்பும்போது அந்தக் காற்றை வீட்டுக்குள் கொண்டுவருவதற்காகத்தான் அந்த விறாந்தையே இருக்கிறது. அதை அடைத்துவிட்டு உள்ளே இரண்டு மின்விசிறி சுழல்கிறது. வெளியிலிருந்து பார்த்தாலும், கறுப்புக் கண்ணாடி போட்ட வீடு பூட்டிக் கிடக்கும் வீடு போலத்தான் தெரியும். அதைக் கழற்றினால் பழைய அரைச்சுவரும் அதன் மேலிருந்த நேர்க்கம்பிக் கிறிலும் வெளியே வரும். கிறில் கறல் பிடித்திருந்தாலும் எறிய வேண்டாம். கம்பித் தூரிகையால் கறலை உரஞ்சி, கறல் தடுக்கும் அன்ரிகொரோசிவ் ஒரு பூச்சு, அதன்மேல் எனாமல் இரண்டு பூச்சு. அலுமினியச் சட்டத்தைப் பழைய சாமான்காரருக்கு விற்கலாம், கண்ணாடியைக் குசினிப் பக்கம் பாவிக்கலாம்.

தண்ணீர்த் தாங்கியைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசவேண்டியிருக்கிறது. ஆயிரம் லீற்றர் தாங்கி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு தொன். நாற்பது வருடம் பழைய போட்டிக்கோச் சிலாப்பில், அதுவும் ஓரத்தில் வைத்திருக்கிறீர்கள். நாலாவது படத்தில் சிலாப்பின் அடிப்பக்கம் நீளமாக ஒரு மண்ணிறக் கோடு தெரிகிறது. உள்ளே கம்பி கறல் பிடித்து வீங்கத் தொடங்கினால் அப்படித்தான் கோடு விழும். ஒரு சின்னச் சுத்தியலால் அந்தக் கோட்டின் இருபுறமும் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல கொங்கிறீட் 'டக் டக்' என்று இறுக்கமாகச் சத்தம் போடும். பொள்ளலாகச் சத்தம் வந்தால் அந்த இடம் உள்ளே பிரிந்திருக்கிறது. அப்படியென்றால் வேறு எதற்கும் முன் ஒரு பொறியியலாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மேசன் "பூசிவிட்டால் சரி" என்பார். பூசினால் கோடு மறையும், கறல் நிற்காது. கலியாண வீட்டில் நாலைந்து பேர் எப்போதும் போட்டிக்கோவுக்குக் கீழேதான் நிற்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். பொள்ளல் இல்லாவிட்டாலும் தாங்கியை வீட்டின் பின்பக்கம் கிணற்றடிக்குப் போகும் வழியில், தனித் தூண் கட்டி ஏற்றிவிடுங்கள்.

முறுக்குத் தூணுக்குள்ளே பழைய சதுரத் தூண் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே போர்த்திய முறுக்கு வெறும் சோடினைதான் என்றால் மெதுவாகத் தட்டி எடுத்துவிடலாம். பாரம் தாங்குகிறதா என்று சந்தேகம் இருந்தால் கைவைக்க வேண்டாம். சுவரின் நிறத்தையே அதற்கும் அடித்துவிட்டால் பாதி கண்ணுக்குப் படாது. இப்போது பொன்னிறம் அடித்து வைத்திருப்பதால்தான் வீதியால் வருகிறவர் முதலில் அதையே பார்க்கிறார்.

வீட்டின் பக்கத்தில் இறக்கிய பத்திக்குக் கூரையாக இருப்பது அஸ்பெஸ்ரஸ் சீற். அதில் பாசி பிடித்திருக்கிறது என்று உரஞ்சவோ, அமுக்கத் தண்ணீர் அடித்துக் கழுவவோ, வெட்டவோ வேண்டாம். அதன் தூள் சுவாசப்பைக்குக் கூடாது. முன்னால் ஒரு கொடியைப் படரவிட்டு மறைத்தால் போதும்.

இப்போது மதிலுக்கு வருவோம். இதற்குத்தான் நான் அதிகம் செலவழிக்கச் சொல்வேன். உங்கள் ஒழுங்கை பன்னிரண்டடி அகலம், மதில் ஏழடி. அந்த ஒழுங்கையில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் ஓட்டு முகடு மட்டும்தான் தெரியும். வீட்டுக்கு நீங்கள் எவ்வளவு பெயின்ற் அடித்தாலும் வீதியால் போகிறவருக்கு உங்கள் வீடு என்பது கறுப்புக் கோடு வடிந்த ஒரு மதிலும் தகரம் அடித்த ஒரு கேற்றும்தான். நம் ஆட்கள் ஒருகாலத்தில் கிடுகுவேலியும் பனையோலை வேலியும் அடைத்தார்கள். பூவரசு, கிளுவை, முள்முருக்கு என்று கதியால் நட்டார்கள். ஒழுங்கையால் போனால் நிழல் இருந்தது, வேலிக்கு மேலால் கதை பேசலாம். வருடா வருடம் அடைக்க ஆளும் ஓலையும் கிடைக்காமல் போக, மதில் வந்தது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மறைப்புக்கு ஐந்தடி போதும் என்ற இடத்தில் எல்லாரும் ஏன் ஏழடி, எட்டடி எழுப்பினார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

முன்மதிலை மட்டும் நாலடிக்கு இறக்குங்கள். பக்கமதில்கள் அப்படியே இருக்கட்டும். நாலடிக்கு மேல் இரண்டடி உயரத்துக்கு நேரான இரும்புக் கம்பிகள், நாலங்குல இடைவெளியில். பூவும் மயிலும் வேண்டாம். கள்வர் பயம் என்று ஐயா சொல்வார். ஏழடி மதிலை ஏறிக் குதித்து உள்ளே வந்த கள்ளனை ஒழுங்கையில் போகும் ஒருவருக்கும் தெரியாது. கம்பி வழியாக முற்றம் தெரிந்தால் முன்வீட்டுக்காரருக்கும் ஒரு கண் இருக்கும். முற்றத்தில் உடுப்புக் காயப்போடுவது தெரியுமே என்றால், கொடியைப் பின்பக்கம் மாற்றுங்கள். கலியாணத்துக்கு எப்படியும் மாற்றத்தானே வேண்டும்.

மதிலை இறக்கும்போது மேசனிடம் இரண்டு விடயம் கறாராகச் சொல்லுங்கள். வெட்டிய மேல்வரிசையை அப்படியே விடாமல், நீளத்துக்குக் கம்பி வைத்து ஒரு மெல்லிய கொங்கிறீட் பட்டி போட வேண்டும். அப்போதுதான் மதில் வெடிக்காது, கம்பிச் சட்டத்துக்கும் பிடிமானம் கிடைக்கும். மற்றது அந்தப் பட்டியின் வடிவம். உங்கள் மதிலில் இப்போது வடிந்திருக்கும் கறுப்புக் கோடுகள் எல்லாம் தட்டையான மேல்பாகத்திலிருந்து இறங்கியவை. மழை மேலே தேங்கி, தூசியையும் பாசியையும் கூட்டிக்கொண்டு முகத்தால் வடிகிறது. மேல்பாகம் உள்ப்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும், இரண்டு பக்கமும் இரண்டங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீட்டிய பாகத்தின் அடியில், விளிம்பிலிருந்து ஓரங்குலம் தள்ளி, விரல் அளவுக்கு ஒரு தவாளிப்பு நீளத்துக்கும் இழுக்க வேண்டும். சீமெந்து இளகியிருக்கும்போது ஒரு அரையங்குலக் கம்பியை வைத்து அமுக்கினால் அந்தத் தவாளிப்பு விழும். மழைத்தண்ணீர் அடிவழியாகச் சுவருக்கு வர முயலும்போது அந்த இடத்தில் தடைப்பட்டுச் சொட்டிவிடும். அரைநாள் வேலை. இதைச் செய்யாமல் எந்த விலைக்குப் பெயின்ற் அடித்தாலும் அடுத்த தைப்பொங்கலுக்கு மதில் கறுத்துவிடும். யன்னலுக்கு மேலுள்ள சிலாப்புகளுக்கும் இதே தவாளிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மேசன்மார் வைத்திருப்பார்கள், பிறகு பூசியவர்கள் அடைத்திருப்பார்கள்.

கேற்றில் இருக்கும் தகரத்தைக் கழற்றிவிட்டு, சட்டம் நல்லதென்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மதிலில் வரும் அதே நேர்க்கம்பி கேற்றிலும் வரட்டும். தம்பி அனுப்பும் காசில் ஸ்ரெயின்லெஸ் கேற் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைகளில் மலிவாக வருவது பெரும்பாலும் 201 என்ற வகை. உப்புக்காற்றில் அதுவும் புள்ளி புள்ளியாகக் கறல் பிடிக்கும். 304 என்றால் தாங்கும், விலை கூட. அதைவிட, வெயிலில் பளபளக்கும் கேற் உங்கள் ஓட்டு வீட்டுக்குப் பொருந்தாது. சாதாரண இரும்புக்குக் கடும்பச்சையோ கடும் மண்ணிறமோ அடித்தால் அது பின்னுக்குப் போய்விடும், வீடு முன்னுக்கு வரும். கேற் வீதிப் பக்கம் திறக்காமல் உள்ப்பக்கம் திறக்கட்டும்.

சங்கடப்படலை வைத்தால் என்ன என்று ஒருவரி எழுதியிருக்கிறீர்கள். ஆசை விளங்குகிறது. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கட்டும் என்று படலைக்கு மேல் கூரை போட்டு, இருபுறமும் திண்ணை கட்டிய ஊர் நம்மூர். ஆனால் இப்போது கொங்கிறீட்டில் வார்த்து, ஓடு மாதிரி அச்சு அடித்து, சிவப்புப் பெயின்ற் பூசி வைப்பது சங்கடப்படலை இல்லை, வெறும் சங்கடம்தான். பின்வளவில் பழைய ஓடுகள் அடுக்கியிருப்பது படத்தில் தெரிகிறது. பனஞ்சலாகையும் அந்த ஓடும் வைத்து, நடைவாசல் படலைக்கு மேல் மட்டும் நாலடிக்குச் சின்னதாக ஒரு கூரை போட்டால் எனக்குச் சம்மதம். காசு மிஞ்சினால் மட்டும். மதிலில் கைவைக்கும் முன் நல்லூர் பிரதேச சபையில் தொழில்நுட்ப அலுவலரிடம் வீதிக்கோடு எங்கே போகிறது, அனுமதி என்ன எடுக்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். ஒழுங்கை அகலிக்கும்போது உங்கள் புது மதில் உள்ளே போனால் எல்லாம் வீண்.

பெயின்ற் எப்போது அடிப்பது? பொங்கலுக்கு முதல் அடித்து முடிக்க ஐயா நிற்பார், ஊர் வழக்கம் அது. மார்கழி மழை குடித்த சுவர் தை முதல் வாரத்தில் தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். உள்ளே ஈரம் இருக்கும். அதன்மேல் அடிக்கும் பெயின்ற்றுக்குத்தான் சித்திரை வெயிலில் கொப்பளம் வரும். உங்களுக்கு வைகாசி வரை நேரமிருக்கிறது. தையில் உடைப்பு வேலையும் பூச்சு வேலையும் முடியட்டும். புதுப் பூச்சை ஒரு கிழமையாவது தண்ணீர் தெளித்து நனைத்து, அதன்பிறகு காயவிட்டு, பூசிய நாளிலிருந்து நாலு கிழமையாவது போன பின்தான் பெயின்ற். பங்குனி நடுவில் தொடங்கினால் சரியாக வரும்.

நிறத்தைக் கடையில் அட்டை பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். அட்டையில் இளம் பச்சையாக இருப்பது நாற்பதடிச் சுவரில், நம் வெயிலில், கண்ணைக் குத்தும். நினைத்ததைவிட இரண்டு படி மங்கலாக எடுங்கள். சின்ன டின் வாங்கி, முன்சுவரில் மூன்றடிக்கு மூன்றடி அடித்து, காலை, மத்தியானம், பின்னேரம் ஒழுங்கையில் நின்று பாருங்கள். எனக்குப் பிடித்ததைக் கேட்டால்: சுவருக்கு மஞ்சள் ஒரு சொட்டு விழுந்த வெள்ளை. அடியில் ஒன்றரை அடிக்குக் காவி அல்லது கடும் மண்ணிறப் பட்டி. கோண்டாவில் செம்மண் தெறித்தாலும் அதில் தெரியாது, பழைய வீடுகளில் அந்தப் பட்டி இருந்ததற்குக் காரணமே அதுதான். கிறிலுக்கும் கேற்றுக்கும் ஒரே கடும்பச்சை. மதிலுக்கும் சுவரின் வெள்ளையே. வேறு நிறம் வேண்டாம். மினுக்கும் வகை பெயின்ற்றும் வேண்டாம், சுவரின் மேடு பள்ளம் எல்லாம் பக்க வெயிலில் எழும்பிவிடும். முன்கதவு வேம்பு என்கிறீர்கள். அதன் மண்ணிறப் பெயின்ற்றைச் சுரண்டி எடுத்து வார்னிஷ் மட்டும் பூசுங்கள். இந்த ஒரு வேலைக்கு அவசரப்படாத தச்சரைப் பிடியுங்கள்.

வேம்பைத் தறிக்க வேண்டாம். நாலு படத்திலும் கண்ணுக்குக் குளிர்ச்சியான ஒன்று அதுதான். கூரைக்கு மேல் சாய்ந்த இரண்டு கொப்பை மட்டும் வெட்டிவிட்டு, அடியில் சீமெந்தை உடைத்து வட்டமாக மண் தெரியவிடுங்கள். சருகைக் கூட்ட வேண்டும்தான். நிழலை வேறு எங்கே வாங்குவது?

பூச்சாடிகள் இருபதுக்கு மேல் எண்ணினேன், பாதியில் குரோட்டன் நுனி கருகியிருக்கிறது. சவர்த்தண்ணீர் விட்டால் சாடிச் செடிகள் அப்படித்தான் ஆகும். மண்ணில் உப்புச் சேர்ந்துகொண்டே போகும். நல்ல ஆறேழு சாடியை மட்டும் விறாந்தைப் படியில் வைத்துவிட்டு, மதிலோரம் நிலத்திலேயே செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் நடுங்கள். மதில் கம்பியில் ஒரு போகன்வில்லாவைப் படரவிடலாம், வேர் பிடித்த பின் தண்ணீர் அதிகம் கேட்காது. ஒரே நிறம், மூன்று நிறம் வேண்டாம். சாடிக்குக் கீழே வைத்த தட்டுகளை எடுத்துவிடுங்கள், மழைக்கு நுளம்பு அங்கேதான் பெருகும். இப்போதே நட்டால் வைகாசிக்குப் பூக்கும்.

சின்னச் சின்ன விடயங்களும் உண்டு. பழைய அன்ரெனாக் கம்பம், பாவிக்காத டிஷ், முன்சுவரில் தொங்கும் கேபிள் வயர்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வெள்ளை ரியூப்லைற்றுக்குப் பதிலாக விறாந்தையில் இரண்டு மஞ்சள் பல்ப். வீட்டிலக்கத்தைக் கேற் தூணில் பெரிதாக, இரவில் தெரியும்படி எழுதுங்கள். வருகிறவர்கள் கனடாவிலிருந்து வந்து ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடக் கூடாது. தூண்களின் மேல் சிங்கம் வைப்பதா யானை வைப்பதா என்ற ஐயாவின் கேள்விக்கு: இரண்டும் வேண்டாம்.

காசு போதாமல் வந்தால் கேற்றையும் படலைக் கூரையையும் பிந்தப் போடுங்கள். சுவரடி வடிகாலையும் சிலாப் சோதனையையும் மதில் மேல்பட்டியையும் விடாதீர்கள். கொந்தராத்துக்காரரிடம் உடைத்து அகற்றும் வேலைக்குத் தனியாக, பூச்சுக்குத் தனியாக, பெயின்ற்றுக்குத் தனியாக மதிப்பீடு எழுதி வாங்குங்கள். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் எதைக் குறைப்பது என்று உங்களுக்குத் தெரியாது. உடைத்த கல்லையும் ரைல்ஸையும் யார் ஏற்றிக்கொண்டு போவது என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது உங்கள் வாசலில்தான் கிடக்கும்.

இன்னொன்று. கேற் தூண்களில் பூச்சு வேலை நடக்கும்போதே, ஆறடி உயரத்திலும் இரண்டடி உயரத்திலும் கறல் பிடிக்காத கொக்கிகளைப் பதித்துவிடச் சொல்லுங்கள். கலியாணத்துக்கு முதல்நாள் குலைவாழை கட்ட வரும் பொடியன்கள் உங்கள் புது மதிலில் ஆணி அடிப்பதற்கு முன் யாரிடமும் கேட்கமாட்டார்கள்.